மின்சைக்கிளுக்கு ஆர்சி லிப்போ பேட்டரி: பேக் தேர்வு முதல் சார்ஜ் வரை முழுமையான வழிகாட்டி

ரிமோட் விமானத்துக்கும் ட்ரோனுக்கும் விற்கிற லித்தியம் பாலிமர் பேக்குகளை, அதாவது லிப்போவை, மின்சைக்கிளில் பொருத்துவோர் பல ஆண்டுகளாகவே இருக்கிறார்கள். காரணம் எளிது. எடை குறைவு, கேட்ட மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுக்கும், சட்டகத்துக்குள் எந்த இடுக்கு கிடைத்தாலும் அதற்கேற்ற அளவில் பேக் வாங்கலாம். கிடைக்காத ஒன்றும் உண்டு: பிஎம்எஸ். சைக்கிளுக்கென்றே செய்த பேட்டரிக்குள் ஒவ்வொரு செல்லையும் கவனித்து, அளவு மீறினால் துண்டித்துவிடும் பலகை ஒன்று இருக்கும். லிப்போ பேக்குக்குள் செல்களும் வயர்களும் மட்டும்தான். அந்தப் பலகை செய்யும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. இந்த வழிகாட்டியில் வரும் பெரும்பாலான படிகள் அந்த வேலையைக் கையால் செய்வதற்கானவையே. ஒவ்வொரு முறையும் மீட்டரை எடுத்து அளப்பது தொல்லை என்று நினைப்பவர் பிஎம்எஸ் உள்ள பேட்டரியையே வாங்குவது நல்லது.

ஆயுளும் அப்படித்தான். நல்ல 18650 செல்களால், அதாவது உருளை வடிவ லித்தியம் செல்களால், ஆன பேட்டரி 500 சார்ஜ் சுற்றுகளுக்கு மேல் தாங்கும். லிப்போவில் 150 முதல் 300 சுற்றுகள் கிடைத்தால் நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

எத்தனை செல்

லிப்போ செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.20. 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் உள்ளுக்குள் கெடத் தொடங்கும். பேக்கின் மேல் 6எஸ் என்று இருந்தால் ஆறு செல்கள் தொடரிணைப்பில் உள்ளன: பெயரளவில் 22.2 வோல்ட், நிறைவில் 25.2. இரண்டு 6எஸ் பேக்குகளைத் தொடராக இணைத்தால் 12எஸ், அதாவது 44.4 வோல்ட், நிறைவில் 50.4.

48 வோல்ட் கிட்டுக்கு 12எஸ் மிகவும் பொருந்தும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எல்லை 41 அல்லது 42 வோல்ட். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 3.4 முதல் 3.5 வோல்ட். லிப்போவுக்கு வேண்டிய அடித்தளம் அதுவே. 36 வோல்ட் கிட்டில் 10எஸ் போட்டால் கணக்கு இவ்வளவு சாதகமாக வராது. அந்தக் கன்ட்ரோலர்களின் எல்லை பெரும்பாலும் 30, 31 வோல்ட்டில் இருக்கும். அது துண்டிப்பதற்குள் செல் 3.1 வோல்ட்டைத் தொட்டிருக்கும். 36 வோல்ட் கன்ட்ரோலரிலேயே 12எஸ் போட்டு வேகம் கூட்டலாமே என்று தோன்றும். முதலில் மூடியைத் திறந்து பெரிய மின்தேக்கியின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். 50 வோல்ட் என்று இருந்தால் 50.4 வோல்ட்டை அதற்குக் கொடுக்கக் கூடாது. 63 வோல்ட் என்று இருந்தால் மின்தேக்கி தாங்கும். ஆனாலும் துண்டிப்பு எல்லை 30-இலேயே நிற்கும்; அப்போது செல் மின்னழுத்தம் குறைந்தால் கத்தும் அலாரத்தைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

இனி வரும் கணக்குகள் எல்லாம் 48 வோல்ட், 20 ஆம்பியர் கன்ட்ரோலருக்கானவை. 6எஸ், 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி) பேக்குகள் நான்கு. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த இரு குழுக்களையும் தொடராக இணைத்தால் 12எஸ் 2பி: 44.4 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, 444 வாட்-மணி. எடை சுமார் 3 கிலோ. ஐந்தில் நான்கு பங்கை மட்டும் எடுத்தால் 355 வாட்-மணி. மிதிக்காமல் த்ராட்டிலில் மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால் 24 முதல் 30 கிலோமீட்டர். மிதித்தால் இன்னும் கூடும்.

வாங்கும்போது

பேக்கின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'சி' எண்ணில், அதாவது கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்ற எண்ணில், மயங்க வேண்டாம். 5 ஆம்பியர்-மணி பேக்கில் 25சி என்றால் 125 ஆம்பியர் தரும் என்பது கணக்கு. உண்மையில் அதில் பாதி வந்தாலே பெரிது. நமக்கு அதுவும் தேவையில்லை. 20 ஆம்பியர் இரண்டு பேக்குகளுக்குப் பிரிந்தால் ஆளுக்கு 10 ஆம்பியர், அதாவது வெறும் 2சி. 20சி, 25சி பேக்குகளே தாராளம். 100சி ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல சார்ஜர் வாங்கலாம்.

நான்கும் ஒரே மாடலாக, ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். தொடரில் வரும் பேக்குகளின் கொள்ளளவு வேறுபட்டால் சிறியது முதலில் காலியாகி அடிவாங்கும். 4.35 வோல்ட் வரை ஏற்றும் ஹெச்வி வகையைச் சாதாரண லிப்போவோடு கலக்கவே கூடாது.

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு செல்லையும் பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய வயர்கள் சேரும் சிறு கனெக்டர்; சார்ஜர் செல்களைச் சமப்படுத்துவது இதன் வழியே) அளந்து எழுதி வையுங்கள். புதிய பேக்கில் செல்கள் 3.8 வோல்ட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று 0.02 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலோ, பேக் உப்பியிருந்தாலோ, மூலை நசுங்கியிருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். சார்ஜரில் உள்தடை காட்டும் வசதி இருந்தால் அந்த எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர்-மணி செல்லில் சில மில்லிஓம்கள்தான் வரும். எண்ணைவிட முக்கியம், ஆறும் ஒன்றுபோல் இருப்பது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு காட்டினால் அந்தப் பேக்கில் முதலில் சாகப்போவது அதுதான்.

மற்ற பொருட்கள்

சிலிக்கான் உறையுள்ள 12 கேஜ் வயர் போதும். எக்ஸ்டி90 கனெக்டர்கள் ஏழெட்டு. அவற்றில் கன்ட்ரோலருக்குப் போகும் ஒன்று தீப்பொறி தடுக்கும் எக்ஸ்டி90-எஸ் வகையாக இருக்கட்டும். பேலன்ஸ் வயர்களை இரண்டிரண்டாகச் சேர்க்கும் 7 முனை ஜேஎஸ்டி-எக்ஸ்ஹெச் ஒய் வயர்கள், செல் மின்னழுத்தம் குறைந்தால் கத்தும் அலாரங்கள் இரண்டு, ஆம்பியர்-மணி கணக்கிடும் வாட் மீட்டர் ஒன்று, 6எஸ் பேலன்ஸ் சார்ஜர், அதற்கான பவர் சப்ளை, மல்டிமீட்டர்.

ஃபியூஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரில் பயன்படும் தட்டை ஃபியூஸ்களைப் பலர் போட்டுவிடுகிறார்கள். அவை 32 வோல்ட் டிசிக்கானவை. 50 வோல்ட்டில் கம்பி உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி நிற்காமல் ஓடும், மின்சாரம் துண்டிக்கப்படாது. 58 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸைத் தேடி வாங்கி, பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அங்கே வையுங்கள். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

வயரிங்

1. பேக்கில் வந்த கனெக்டரை மாற்ற வேண்டியிருந்தால் ஒரே நேரத்தில் ஒரு வயரை மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கத்தரித்தால் கத்தரியே ஷார்ட் ஆகிவிடும். வெட்டிய வயரைப் பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

2. எக்ஸ்டி90-க்கு 60 முதல் 80 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். சிறியதை வைத்து நெடுநேரம் சூடாக்கினால் ஈயம் சரியாகப் பிடிக்காது, பிளாஸ்டிக் இளகி முனை சாய்ந்துவிடும். அதோடு பொருந்தும் ஜோடிக் கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் முனைகள் நேராக நிற்கும். வயரில் சுருங்கு குழாயை முன்பே கோத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரு முறையாவது மறப்பது இதைத்தான். பேட்டரிப் பக்கம் எப்போதும் துளை உள்ள முனை வர வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் முனை அங்கே இருந்தால் சாவிக்கொத்து பட்டாலே போதும்.

3. நான்கு பேக்குகளையும் தனித்தனியாக 4.20 வரை சார்ஜ் செய்து, ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்க இணைப்பில் சேரப்போகும் பேக்குகளுக்குள் வேறுபாடு செல்லுக்கு 0.05 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஏன் என்று ஒரு கணக்கு: இரு பேக்குகளும் இடையிலுள்ள வயரும் சேர்ந்து 0.05 ஓம் என்று கொள்வோம். செல்லுக்கு 0.05 என்றால் ஆறு செல்லுக்கு 0.3 வோல்ட், 6 ஆம்பியர் பாயும், சில நிமிடங்களில் சமமாகிவிடும். ஒன்று நிறைந்து மற்றது காலியாக இருந்தால் வேறுபாடு 4 வோல்ட்டைத் தாண்டும். 80 ஆம்பியருக்கு மேல் ஒரே வீச்சில் காலி பேக்குக்குள் இறங்கும்.

4. இரண்டிரண்டு பேக்குகளைப் பக்க இணைப்பில் சேருங்கள். முதலில் தடித்த வயர், அதன் பிறகு பேலன்ஸ் ஒய் வயர். பிரிக்கும்போது தலைகீழாக: பேலன்ஸ் முதலில், தடித்த வயர் கடைசியில். பேலன்ஸ் வயர் மெல்லியது. தடித்த வயர் கழன்றிருக்கும்போது அது மட்டும் இணைந்திருந்தால் மொத்த மின்னோட்டமும் அதன் வழியே போகப் பார்க்கும். உறை உருகி, பக்கத்து வயரோடு ஒட்டி, செல் ஷார்ட் ஆகும்.

5. இப்போது குழு 'அ', குழு 'ஆ' என்று இரண்டு 6எஸ் 2பி குழுக்கள் கையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எக்ஸ்டி90, ஒரு பேலன்ஸ் முனை. இவற்றுக்கு இரண்டு இணைப்பு வயர்கள் செய்யுங்கள். ஓட்டும்போது போடும் தொடர் வயர்: 'அ'வின் நேர்முனையை 'ஆ'வின் எதிர்முனையோடு சேர்த்து, மிச்சமுள்ள இரு முனைகளையும் ஃபியூஸ் வழியாகக் கன்ட்ரோலருக்குக் கொண்டுபோவது. சார்ஜ் செய்யும்போது போடும் பக்க வயர்: இரு குழுக்களையும் இணையாகச் சார்ஜருக்குக் கொண்டுபோவது. வேறு நிற டேப் சுற்றி வையுங்கள். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்த முறையிலேயே மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தொடர் வயர் இணைந்திருக்கும்போது இரு குழுக்களின் பேலன்ஸ் முனைகளையும் ஒரே பேலன்ஸ் பலகையில் (பல பேலன்ஸ் முனைகளை இணையாகச் சேர்த்துச் சார்ஜருக்குக் கொண்டுபோகும் சிறு பலகை) செருகிவிட்டால் கதை முடிந்தது. தொடரில் 'ஆ'வின் எதிர்முனை 'அ'வின் நேர்முனையில், அதாவது 25 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. பலகையோ அதை 'அ'வின் எதிர்முனையோடு சேர்க்கிறது. முழுக் குழுவும் தலைமுடி போன்ற வயர் வழியே ஷார்ட். தப்பிக்க ஒரே பழக்கம்: பக்க வயரைச் செருகிய பிறகுதான் பேலன்ஸ் பலகையைக் கையில் எடுப்பது. இரண்டு வயர்களும் அதே இரு எக்ஸ்டி90 முனைகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஒன்று இருக்கும்போது மற்றதைச் செருக இடமே இருக்காது என்பது இந்த அமைப்பின் சிறப்பு. கூடுதல் முனை வைத்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. கன்ட்ரோலரோடு இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் மொத்த மின்னழுத்தமும் முனைகளின் திசையும் பாருங்கள். நிறைந்த பேக்கில் 50.4-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 25 காட்டினால் தொடர் வயர் தவறு. எக்ஸ்டி90-எஸ் இணைப்பை முதலில் மெல்லத் தள்ளி ஒரு நொடி நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் மின்தடை வழியாக மின்தேக்கிகள் நிரம்பும். பிறகு முழுவதும் அழுத்துங்கள். சாதாரண எக்ஸ்டி90 மட்டுமே இருந்தால் 100 ஓம், 5 வாட் மின்தடையால் இரண்டு நொடி தொட்டு நிரப்பிவிட்டுச் செருகலாம். 'டப்' என்ற சத்தத்தோடு செருகிக்கொண்டே இருந்தால் முனையின் தங்கப்பூச்சு கருகி, அந்த இடம் நாளடைவில் சூடாகும்.

பெட்டி

லிப்போ செல்லுக்கு உலோகக் கூடு கிடையாது; மெல்லிய அலுமினியப் பைதான். கீழே விழுந்தாலோ, ஒரு திருகு முனை உரசிக்கொண்டே இருந்தாலோ உள்ளே ஷார்ட் ஆகும். எனவே துணிப்பை மட்டும் போதாது. கெட்டியான பெட்டி, உள்ளே நுரைத் தகடு, கூர்மையான திருகு எதுவும் உள்பக்கம் நீட்டக் கூடாது. உலோகப் பெட்டி என்றால் உள்சுவர் முழுவதும் மின்கடத்தாத தகடு ஒட்ட வேண்டும். வயர் வெளியேறும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். சட்டகத்தின் முக்கோணத்துக்குள் வைப்பதே நல்லது. பின்பக்கக் கேரியரில் அதிர்வும் அதிகம், வண்டி சாயும்போது முதலில் அடிபடுவதும் அதுதான். பேக்குகளை இறுக்கித் திணிக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஓரிரு மில்லிமீட்டர் இடம் விடுங்கள். காற்றுப்புகாமல் அடைக்கவும் வேண்டாம். செல் வாயு விட்டால் அது வெளியேற வழி வேண்டும்.

ஓட்டும்போது

கன்ட்ரோலருக்கு மொத்த மின்னழுத்தம் மட்டுமே தெரியும். பதினொரு செல்கள் 3.6 வோல்ட்டில் இருந்து ஒன்று மட்டும் 2.6-க்கு விழுந்திருந்தாலும் மொத்தம் 42.2, கன்ட்ரோலர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இரு குழுக்களின் பேலன்ஸ் முனையிலும் தலா ஓர் அலாரம். அதை 3.4 வோல்ட்டில் வையுங்கள். ஏற்றத்தில் ஒரு நொடி கத்தி, த்ராட்டிலை விட்டதும் நின்றால் அது மின்னழுத்தச் சரிவுதான். சமதளத்திலும் விடாமல் கத்தினால் நிறுத்துங்கள். வீடு சேர்ந்ததும் அலாரத்தைக் கழற்றிவிட வேண்டும். அதுவும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும், அதிலும் சில வகைகள் எல்லாச் செல்லிலிருந்தும் சமமாக எடுப்பதில்லை. இரண்டு வாரம் மறந்தால் பேக்கையே இழக்கலாம்.

அலாரம் கத்தும் வரை ஓட்டுவது வழக்கமாகிவிடக் கூடாது. வாட் மீட்டரில் 8 ஆம்பியர்-மணி காட்டியதும் திரும்பிவிடுங்கள். ஓய்வில் செல்லுக்கு 3.7 வோல்ட், மொத்தம் சுமார் 44.5 என்றால் ஐந்தில் நான்கு பங்கு முடிந்தது. அதற்குக் கீழே வளைவு செங்குத்தாக இறங்கும். கடைசி இருபது சதவீதம் நினைத்ததைவிட வேகமாகத் தீரும்.

கியர் இல்லாத ஹப் மோட்டாரும் பிரேக்கில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் கன்ட்ரோலரும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. முழுதாக நிறைந்த பேக்கோடு இறக்கத்தில் அந்த பிரேக்கைப் பிடித்தால் செல் 4.20-ஐத் தாண்டும், தடுக்க பிஎம்எஸ் இல்லை. புறப்படும் இடமே மேடு என்றால் 4.10-இல் சார்ஜை நிறுத்துங்கள், அல்லது அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

சார்ஜ்

தொடர் வயரைக் கழற்றி, இரு குழுக்களையும் அளந்து, வேறுபாடு செல்லுக்கு 0.05 வோல்ட்டுக்குள் இருப்பதைப் பார்த்து, பக்க வயரைச் செருகி, கடைசியில் பேலன்ஸ் பலகை. இப்போது சார்ஜரின் கண்ணுக்கு அது 6எஸ், 20 ஆம்பியர்-மணி பேக். லிப்போ, 6எஸ், பேலன்ஸ் முறை, 10 ஆம்பியர் என்று அமையுங்கள். 25.2 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 252 வாட். பவர் சப்ளை 300 வாட்டாவது இருக்க வேண்டும். 16 ஆம்பியர்-மணி ஏற 1 மணி 36 நிமிடம், கடைசியில் மின்னோட்டம் குறைந்து பேலன்ஸ் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணிக்குச் சற்று மேல். தினமும் முழுத் தொலைவு ஓட்டாதவர்கள் 4.10 வோல்ட்டில் நிறுத்தினால், தொலைவில் பத்தில் ஒரு பங்கு போகும், ஆயுள் கூடும். நல்ல பேரம்தான்.

தொடர் வயரைக் கழற்றாமலே, குழுவுக்கு ஒன்றாக இரண்டு சார்ஜர்கள் போட்டு ஒரே பவர் சப்ளையில் ஓட்டலாமே என்ற எண்ணம் வரும். கூடாது. பெரும்பாலான ஹாபி சார்ஜர்களில் உள்ளே வரும் எதிர்முனையும் வெளியே போகும் எதிர்முனையும் மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்டிருக்காது. இரண்டு சார்ஜர்களின் எதிர்முனைகளும் பவர் சப்ளை வழியாகச் சேரும்போது குழு 'அ' முழுவதும் ஷார்ட் ஆகிறது. சார்ஜரிலிருந்து புகை வந்த பிறகே பலருக்கு இது தெரிகிறது.

இடம்: எரியாத தரை, மேலே திரையோ கீழே கம்பளமோ இல்லாத மூலை, வெளியேறும் வழியில் அல்லாத இடம், மேலே புகை எச்சரிக்கைக் கருவி. தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜ் கூடாது. சார்ஜ் செய்யும்போது பேக்கைப் போட்டு வைக்க விற்கும் லிப்போ பைகள் தீப்பொறியைக் கொஞ்சம் தடுக்கும், இவ்வளவு பெரிய பேக்கின் தீயை அடக்காது. இரும்புப் பெட்டி பயன்படுத்தினால் மூடியின் ரப்பரை எடுத்துவிடுங்கள். வாயு வெளியேறாத பெட்டி வெடிக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே எதிர்முனையில் படிந்து, பின்னால் உள் ஷார்ட்டுக்கு வழி வகுக்கும். குளிரில் இருந்து வந்த பேக்கை அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு ஏற்றுங்கள். ஓட்டி முடித்த சூட்டோடும் ஏற்ற வேண்டாம்.

சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று தனி முறையே இருக்கும். முழுதாக நிரப்பி அலமாரியில் வைத்த பேக்தான் ஓட்டாமலேயே உப்புகிறது.

கோளாறு தெரியும் விதம்

ஒரு செல் மட்டும் ஒவ்வொரு முறையும் தாழ்ந்தே வந்தால், பேலன்ஸ் முடிந்து ஒரு நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். சும்மா இருந்தபோதே இறங்கியிருந்தால் உள்கசிவு. அந்தப் பேக்குக்கு வேலை முடிந்தது. ஓட்டும்போது மட்டும் தாழ்ந்தால் உள்தடை ஏறியிருக்கிறது. பக்க இணைப்பில் உள்ள இரண்டு பேக்குகளில் எது என்று தெரிய, பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். சேர்ந்திருக்கும்போது நல்லது கெட்டதை மறைத்துவிடும்.

ஏற்றத்தில் கன்ட்ரோலர் துண்டித்து, நிறுத்திப் பார்த்தால் மின்னழுத்தம் நன்றாக இருந்தால், செல்லைச் சந்தேகிக்கும் முன் கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது எதுவோ அதுவே காரணம். பெரும்பாலும் ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு முனை.

லேசாக உப்பிய பேக்கை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது எலக்ட்ரோலைட் சிதைந்து வந்த, எரியும் வாயு. வெப்பம் 60 டிகிரியைத் தொட்டாலோ, இனிப்பு கலந்த கரைப்பான் வாசனை வந்தாலோ, முடிந்தால் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் வைத்து விலகி நில்லுங்கள். தீப்பிடித்துவிட்டால் புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும். அறையை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். ஏராளமான தண்ணீர் பக்கத்துச் செல்களைக் குளிரவைத்துப் பரவலைத் தடுக்கும். ஒரு வாளித் தண்ணீர் போதாது.

செத்த பேக்கை உப்புத் தண்ணீரில் போடுவது பழைய பழக்கம். வயர் முனைகள் முதலில் அரித்துப்போய், உள்ளே மின்சாரம் அப்படியே மிஞ்சிவிடுவதால் அதை நம்ப முடியாது. 12 வோல்ட், 21 வாட் கார் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்து, திறந்தவெளியில் 6எஸ் பேக்கோடு சேருங்கள். சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் எடுக்கும். பாதி நிறைந்த பேக் இரண்டு மணி நேரத்துக்குள் மங்கிவிடும். பல்பு அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விட்டு, மீட்டரில் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்ததும் முனைகளுக்கு டேப் சுற்றி, பேட்டரி வாங்கும் மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.